அம்மாள் வராத வீடு

மயில்வாகனத்தார் தம் மகனுக்குப் பெண் கேட்டு மீசாலைக்குப் போனபோது, பெண்ணின் தகப்பன் அப்புத்துரை சீதனத்தைப் பற்றி முதலில் வாய் திறக்கவில்லை. வெற்றிலைத் தட்டத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு வேறொரு கதையை எடுத்தார்.

"குறை நினைக்கப்படாது. எங்கட பக்கத்தில வன்னிக்குப் பொம்பிளை குடுக்கப் பயம். ஆம்பிளையள் அங்க போய் வயல் செய்து நெல்லோட திரும்பி வருகினம். பொம்பிளையள் பிள்ளைப்பேற்றோட போயிடுகினம். நீங்கள் எத்தினை ஏக்கர் வயலைக் காட்டினாலும் எனக்குத் தேவையானது ஒரு சொல்தான்."

"கேளுங்கோ."

"எத்தினை பிள்ளை பிறந்தாலும் பிள்ளைப்பேறு இஞ்ச, தாய் வீட்டில. எட்டாம் மாசம் பிறக்க முன்னம் அவளை ரயிலில ஏத்திப்போடவேணும்."

மயில்வாகனத்தார் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் காடு வெட்ட வன்னிக்குப் போனவர் அவர். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற பெர்மிட் காணி ஒன்று அவர் பெயரில் இருந்தது. குடியேற்றத்தில் வாய்க்கால் தகராறோ எல்லைத் தகராறோ வந்தால், மயில்வாகனத்தார் சொல்லிவிட்டார் என்று கேட்டதும் இரு பகுதியும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடும். அப்படிப்பட்ட மனிதரிடம் இன்னொருவர் உறுதி கேட்டது அவருக்குச் சற்று உறைத்தது. என்றாலும் பெண்ணைப் பெற்றவன் கேட்கத்தான் செய்வான் என்று பொறுத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு பிள்ளைப்பேறும் மீசாலையில. சொன்னது மயில்வாகனம்" என்றார்.

அந்தச் சொல்லின் மேல்தான் யோகநாதனுக்கும் நேசமலருக்கும் கலியாணம் நடந்தது.

முதல் இரண்டு முறையும் சொன்னபடியே நடந்தது. மயில்வாகனத்தார் தாமே வண்டில் கட்டி, வைக்கோலின் மேல் பாய் விரித்து, மருமகளைக் கிளிநொச்சி ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார். ஆனையிறவு கடந்தால் மீசாலை கூப்பிடு தூரம். காலையில் ஏறியவள் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாய் வீட்டில் இருப்பாள். இரண்டு முறையும் பிள்ளையும் தாயும் நலமாகத் திரும்பினார்கள். மூத்தவளுக்குக் கமலாசனி என்று பெயரிட்டார்கள். இளையவளைச் சின்னவள் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள்.

இரண்டும் பெண். அது மயில்வாகனத்தாரின் மனைவி நாகமுத்துவுக்கு முள்ளாகக் குத்தியது.

"அங்க போய்ப் பெத்தால் அந்த மண்ணின்ர குணந்தான் வரும். அங்க வீட்டுக்கு வீடு பெட்டையள். எங்கட வளவில, எங்கட நெல்லு விளையிற மண்ணில ஒருக்கா விழட்டும், ஆம்பிளையா விழும்" என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று, கேட்கிறவர் கேட்கட்டும் என்று சொல்லுவாள்.

"மண்ணுக்கு ஆண் பெண் தெரியுமோ? விசர்க்கதை கதையாதை" என்று மயில்வாகனத்தார் விறாந்தையில் இருந்தபடி சொல்லுவார்.

நாகமுத்துவின் பயம் வேறு இடத்தில் இருந்தது. அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணியைத் துண்டு போட முடியாது. சீதனமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஒருவருக்குப் பின் ஒருவர்தான் ஆளலாம். குடியேற்றத்தில் எல்லாரும் ஆண் பிள்ளைக்கே எழுதினார்கள். அடுத்த வாய்க்காலில் ஆண் பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்தபோது, எங்கிருந்தோ வந்த தம்பி மகன் வயலில் இறங்க, பெண் பிள்ளைகள் இரண்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை அவள் கண்ணால் கண்டிருந்தாள். காடு வெட்டியதில் அவளுடைய கையும் காய்த்துப் போயிருந்தது. அந்தக் காணியை யாரோ வந்து ஆளுவதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு நேசமலர் மூன்றாம் முறை கர்ப்பமானாள். இந்த முறை அவளுக்கு முகம் வெளிறி, கால்கள் வீங்கின. அரசாங்க மருத்துவிச்சி ஜெகதீஸ்வரி குடையும் பையுமாக வந்து, அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். காலில் விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகவே கிடந்தது.

"இவவுக்கு இரத்தம் காணாது, ஐயா. எப்ப மீசாலைக்கு அனுப்புறியள்?"

"பங்குனி பிறக்க."

"பிந்தவேண்டாம். வீட்டுக்கு வீடு வந்து மலேரியா மருந்து அடிச்சதுக்குப் பிறகு இந்தக் குடியேற்றத்தில காய்ச்சலில சாகிறது நிண்டுபோச்சு. ஆம்பிளையள் தப்பிவிட்டினம். பொம்பிளையள் இன்னும் தப்பேல்லை."

மயில்வாகனத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிள்ளை, மற்ற வீடுகளுக்குச் சொல்லுறதை இஞ்ச சொல்லத் தேவையில்லை. இந்த வீட்டில என்ர சொல் ஒண்டு இருக்கு."

"அது தெரிஞ்சபடியால்தான் நான் நிம்மதியாப் போறன்" என்று சொல்லிவிட்டு அவள் குடையை விரித்தாள்.

பங்குனி பிறந்தது. நேசமலரின் பெட்டி அடுக்கி ஆயிற்று. நாளை காலை பயணம் என்று இருந்த பொழுது, ஸ்டேசனடிக்குப் போன யோகநாதன் பொழுது சாயத் திரும்பி வந்தான். சைக்கிளை மாமரத்தில் சாய்த்துவிட்டு, உள்ளே வராமல் முற்றத்தில் நின்றான்.

"ஐயா, பயணம் சரிவராது. மீசாலையில அம்மாள் வந்திருக்கிறாவாம். மாமிக்குத்தான் முதல்ல கண்டதாம். ரயிலில வேலை செய்யிற மீசாலை ஆள் ஒருவர் சொன்னவர்."

விறாந்தையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மாள் வந்த வீடு என்றால் அதை நோய் வந்த வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். உடலெங்கும் கொப்புளமாகப் பூப்பவள் அம்மாள். வாசல் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். தாளிதம் இல்லை, வெற்றிலை இல்லை, சவரம் இல்லை. அங்கிருந்து ஒருவர் வெளியே போவதும் இல்லை. வெளியார் உள்ளே போவதும் இல்லை. எப்படி இருக்கிறது என்று ஆள் விட்டு விசாரிப்பதும் குற்றம். மூன்று தண்ணீர் வார்த்து அம்மாள் மலையேறிய பிறகு அவர்களாகவே சொல்லி அனுப்பும்வரை வாய் மூடி இருக்கவேண்டும்.

நேசமலர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மா தாங்கமாட்டா, மாமா. மெலிஞ்ச உடம்பு."

"அழாதை பிள்ளை. அம்மாள் வந்த வீட்டை நினைச்சு அழப்படாது" என்ற மயில்வாகனத்தார் அப்போதே கிணற்றடியில் முழுகி, ஈர வேட்டியோடு வற்றாப்பளை அம்மன் கோயில் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டார். சம்பந்தி வீட்டாருக்கு நலம் வந்தால் வைகாசிப் பொங்கலுக்கு வந்து பொங்குவேன் என்று நேர்ந்துகொண்டார். பிறகு வீட்டாரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வயித்துப்பிள்ளைக்காரியை அந்த வீட்டுக்கு அனுப்பேலாது. அது என்ர சொல்லை மீறினதாகாது, அம்மாளின்ர கட்டளை. ஆனால் ஒண்டு. நோக் கண்ட உடன கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேணும். வீட்டில வைச்சுப் பாக்கிற கதை இல்லை. கேட்டுதோ?"

"ஓம், ஓம்" என்றாள் நாகமுத்து. யோகநாதன் தலையை ஆட்டினான்.

பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. மீசாலையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஒருவருக்கு மாறி அடுத்தவருக்குக் கண்டிருக்கும் என்றாள் நாகமுத்து. அப்படியும் நடப்பதுண்டு.

அந்த நாட்களில் நெல் வாங்க வந்தான் கச்சு முகம்மது. முல்லைத்தீவு ஆள், சொந்தமாக ஒரு லொறி வைத்திருந்தான், சாவகச்சேரிச் சந்தைக்கும் போய்வருகிறவன். சாக்கைத் தைத்தபடி கதையோடு கதையாகச் சொன்னான்.

"போன கிழமை சந்தையில உங்கட சம்பந்தியைக் கண்டனான், ஐயா. வாழைக்குலைக்கு விலை பேசிக்கொண்டு நிண்டார். வாய் நிறைய வெத்திலை. புது மாப்பிளை மாதிரிச் சவரமும் எடுத்திருந்தார்."

மயில்வாகனத்தாரின் முகம் இறுகியது. "நீ ஆள் மாறிப் பாத்திருப்பாய்."

"அவரை மாறிப் பாக்கிறதோ? எத்தினை வருசப் பழக்கம்!"

"மாறித்தான் பாத்திருக்கிறாய். அந்த வீட்டில அம்மாள் வந்திருக்கிறா. அந்த மனிசன் வெத்திலையோட சந்தைக்குப் போற சாதி மனிசன் இல்லை. சாக்கைத் தை."

கச்சு முகம்மது சாக்கைத் தைத்து முடித்து லொறியில் ஏற்றினான். ஆனால் வெற்றிலைக் கதை மயில்வாகனத்தாரின் மனதில் கல்லாகக் கிடந்தது. சாப்பிட இருந்தபோது மனைவியிடம் கேட்டார்.

"மீசாலைக் கதை வலு நிச்சயந்தானோ?"

நாகமுத்து அகப்பையை அப்படியே நிறுத்தினாள். "அம்மாளின்ர பேரில ஆரும் பொய் சொல்லுவினமோ? நாக்கு அழுகிப் போகாதோ? அந்தக் கதையை இனி எடுக்காதேங்கோ. வீட்டில வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிறாள்."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாளைச் சந்தேகித்தது ஒரு குற்றம். கட்டிய மனைவியைச் சந்தேகித்தது இன்னொன்று. இரண்டும் தமக்கு அடுக்காது என்று நினைத்துச் சோற்றைப் பிசைந்தார்.

சித்திரை நடுவில் கனகராயன்குளத்தில் உறவு முறையில் ஒரு கலியாணம் வந்தது.

"வீட்டுக்கு ஒராள் எண்டாலும் போகாட்டி மரியாதை இல்லை. நீங்கள்தான் சபையில இருக்கவேணும். நான் இவளை விட்டிட்டு வரேலாது. இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று நாகமுத்து வற்புறுத்தினாள். சபை என்ற சொல்லுக்கு மயில்வாகனத்தார் மறுப்புச் சொன்னதில்லை. சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கலியாணம் முடிந்து, இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் வந்து கிளிநொச்சி ஸ்டேசனடியில் இறங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில் அப்போதுதான் நின்றிருந்தது. இறங்கிய சனத்துக்கு நடுவே, வேப்பிலைக் கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி, இளநீர்க் குலையொன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். பின்னால் பெட்டியோடு ஒரு மெலிந்த பெண். அப்புத்துரையும் அவர் மனைவியும்.

மயில்வாகனத்தாருக்கு மனம் குளிர்ந்தது. கைகளைக் கூப்பினார். "தண்ணி வாத்தாச்சோ, சம்பந்தி? எல்லாருக்கும் மாறிட்டுதோ? வற்றாப்பளைக்கு நேந்திருக்கிறன்."

அப்புத்துரை இளநீரைக் கீழே வைத்தார். "எங்களுக்கோ? நான் உங்களையல்லோ கேக்கவேணும். பேத்தியளுக்குத் தண்ணி வாத்தாச்சோ? நேசத்துக்குத் தொத்தேல்லையோ? அம்மாள் வந்த வீடெண்டு இவ்வளவு நாளும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தம். இனிப் பொறுக்கேலாதெண்டு, படலையில நிண்டு பாத்திட்டாவது வருவமெண்டு வந்தனாங்கள்."

"எங்கட வீட்டில அம்மாளோ? ஆர் சொன்னது?"

"மருமோன்தான் ரயில்கார ஆளிட்டச் சொல்லி அனுப்பினவர். பங்குனி பிறந்தவுடன."

மயில்வாகனத்தார் அப்புத்துரையின் முகத்தைப் பார்த்தார். வழித்த கன்னம். வெற்றிலைக் காவி படிந்த உதடு. பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தில் ஒரு வடுவும் இல்லை. ரயில் கூவிக்கொண்டு தெற்கே நகர்ந்தது.

"என்ர பிள்ளை எங்க?" என்று தாய் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஸ்டேசனில் நெல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கச்சு முகம்மது, மயில்வாகனத்தார் தன்னை நோக்கி வருவதைக் கண்டு கையைத் துடைத்தான்.

"முகம்மது, லொறியை எடு. வீட்டை போகவேணும்."

"மூட்டை பாதி கிடக்கு, ஐயா…"

அவன் மயில்வாகனத்தாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ஏறினான்.

படலையில் வேப்பிலை இல்லை. அப்புத்துரை அதைப் பார்த்துவிட்டுத் தம் கக்கத்தில் இருந்த கட்டை வேலியோரம் போட்டார். யோகநாதன் கிணற்றடியில் குந்தியிருந்தான். தகப்பனோடு மாமனையும் கண்டவன் எழும்ப முயன்று, எழும்பாமலே இருந்துவிட்டான். உள்ளறையிலிருந்து, குரல் அடைத்துப்போன ஒருத்தியின் முனகல் வந்தது. வாய்க்கால் கரையில் இருக்கிற, பிள்ளைப்பேறு பார்க்கும் கிழவி வாசலில் நின்றாள்.

"நேற்று மத்தியானம் நோக் கண்டது. பிள்ளை திரும்பேல்லை. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கோ எண்டு விடியவே சொல்லிப்போட்டன். கேட்டால்தானே" என்றாள்.

நாகமுத்து ஓடிவந்தாள். "இந்தா பிறந்திடும். கொஞ்சம் பொறுங்கோ. ஆம்பிளைப் பிள்ளை எண்டால் அப்பிடித்தான் சுணங்கும்…"

மயில்வாகனத்தார் அவளைக் கடந்து உள்ளே போனார். பேறு பார்க்கும் அறைக்குள் அவர் அதற்கு முன் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மருமகளைப் பாயோடு தூக்க மகனைக் கூப்பிட்டார். "எழும்பி வா. ஒரு தலைப்பைப் பிடி" என்றார். அவர் குரல் உயரவில்லை.

லொறியின் பலகையில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தினார்கள். தாய் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். லொறி பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது நேசமலர் கண் விழித்தாள். கையைத் தூக்கித் தாயின் கன்னத்தைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள்.

"தழும்பு ஒண்டையும் காணேல்லையே, அம்மா" என்றாள். "அம்மாள் வடு வைக்காமல் போயிட்டா."

"ஓம் குஞ்சு" என்றாள் தாய். "வடு வைக்கேல்லை."

லொறியின் ஓரத்தைப் பிடித்து நின்ற மயில்வாகனத்தார் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆசுபத்திரியில், எப்போது நோக் கண்டது என்று தாதி கேட்டாள். நேற்று மத்தியானம் என்று யோகநாதன் சொன்னான். அவள் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உச்சிப் பொழுதில் பிள்ளை பிறந்தது. ஆண். இரத்தம் நிற்கவில்லை. வெயில் தாழும்போது நேசமலர் போய்விட்டாள்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையல் முடிந்த அன்று, வந்த உறவுகள் கலைந்த பிறகு, மயில்வாகனத்தார் மனைவியையும் மகனையும் விறாந்தைக்குக் கூப்பிட்டார். அவர் கதிரையில் இருந்தார். அவர்களை இருக்கச் சொல்லவில்லை.

"ஆர் யோசிச்சது?"

யோகநாதன் நிலத்தைப் பார்த்தான். "அம்மாதான்… நான் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டது மட்டும்."

"மட்டுமோ?"

நாகமுத்து கையில் கிடந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நான்தான். ஓம், நான்தான் செய்தனான். அவள் சாகட்டும் எண்டோ செய்தனான்? இஞ்ச பிறந்தால் ஆம்பிளைப் பிள்ளை பிறக்கும் எண்டனான், பிறந்ததோ இல்லையோ? கையில பேரன் வந்திட்டால் ஆர் இந்தக் கதையைக் கிளறப்போகினம் எண்டு நினைச்சனான். எங்கட பெட்டை சரசுவை நானும் இந்தக் காட்டுக்குள்ளதான் பெத்தனான். எனக்கு ரயிலும் இல்லை, ஆசுபத்திரியும் இல்லை. நான் செத்தோ போனனான்?"

"நான் குடுத்த சொல்லை என்ர வீட்டுக்குள்ள இருந்தே அறுத்தியள். அதுவும் அம்மாளின்ர பேரில. ஆர் வீட்டில பொய் சொன்னாலும் இந்த வீட்டில சொல்லமாட்டினம் எண்டு நான் உண்மை சொன்ன முகம்மதுவின்ர வாயை அடைச்சனான். என்னைக் கலியாணச் சபைக்கு அனுப்பிப்போட்டு, இஞ்ச அவளைக் கட்டிப் போட்டு வைச்சிருந்தியள்."

"சொல், சொல், சொல்!" நாகமுத்துவின் குரல் உடைந்தது. "உங்கட சொல்லை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ. ஆம்பிளைப் பிள்ளை எண்டால் என்ன விலை எண்டு எனக்கு ஆர் படிப்பிச்சது? மலேரியாக் காலத்தில இவனுக்கும் சரசுவுக்கும் ஒரே நாளில காய்ச்சல் கண்டது. நீங்கள் இவனைத் தூக்கி வண்டிலில போட்டுக்கொண்டு ஓடினியள். அவளைத் திரும்பி வந்து ஏத்துறன் எண்டியள். அவள் நெருப்பாக் கொதிச்சுக்கொண்டு கிடந்தாள், நீங்கள் திரும்பி வர முன்னம் போயிட்டாள். வண்டிலில இடம் இல்லாமலோ? ரெண்டு பிள்ளையும் படுக்கலாம் அந்த வண்டிலில."

மயில்வாகனத்தார் கதிரையின் கையைப் பிடித்தார். பிறகு எழுந்து வளவுக்குள் இறங்கிப் போனார். அன்று முதல் அவர் தம் கஞ்சியைத் தாமே வைத்துக் குடித்தார். அவள் கையால் தண்ணீரும் வாங்கவில்லை.

குழந்தை தேறவில்லை. பசும்பால் அதன் வயிற்றில் நிற்கவில்லை. ஜெகதீஸ்வரி வந்து பார்த்தாள், இந்த முறை மயில்வாகனத்தாரோடு நேரே கதைக்காமல், படலையடியில் நின்று கமலாசனியின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "தாய்ப்பால் குடுக்க ஆரேனும் இருந்தால் தப்பும். இல்லாட்டி மழைக்கு முன்னம் போயிடும்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அப்புத்துரையும் மனைவியும் வந்தார்கள். அப்புத்துரை படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரும்படி மயில்வாகனத்தார் கேட்கவும் இல்லை. கேட்கும் தகுதி தமக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"பெட்டையள் ரெண்டையும் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்" என்றார் அப்புத்துரை. "பொடியனை நீங்கள் வைச்சிருங்கோ. அதுக்குத்தானே எல்லாம் நடந்தது."

அந்தச் சொல் மயில்வாகனத்தாரின் நெஞ்சில் நேரே விழுந்தது. அவர் விலகவில்லை, விழவேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

"உங்கட இளைய மகள் பிள்ளை பெத்திருக்கிறா எண்டு கேள்விப்பட்டனான்" என்றார்.

"ஓம். தையில."

"பால் இருக்கோ?"

அப்புத்துரை பதில் சொல்லுமுன் அவர் மனைவி, "இருக்கு. ரெண்டு பிள்ளைக்குக் காணும்" என்றாள்.

மயில்வாகனத்தார் உள்ளே போனார். நாகமுத்து குழந்தையை ஏணையில் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஏணையிலிருந்து குழந்தையை எடுத்தார். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, என்ர பேரன்! இந்தக் காணியின்ர பேரன்! எங்க கொண்டுபோறியள்?"

"ஐயா!" யோகநாதன் வாசலை மறித்தான். "என்ர பிள்ளை. நான் சம்மதிக்கமாட்டன்."

மயில்வாகனத்தார் நின்றார். "பிள்ளைப்பேறு மீசாலையில எண்டு சொன்னது நான். பிந்திப் போச்சு. தாயை அனுப்ப நீங்கள் விடேல்லை. மிச்சம் இருக்கிறதை அனுப்புறன். உன்ர பிள்ளை எண்டால் நீயும் போய் அந்தப் படலையில நிண்டு கேள், அவர்கள் உள்ள விட்டால் இரு. தள்ளி நில்."

"காணிக்கு ஆர்?"

"நான் சாகுமட்டும் நான். அதுக்குப் பிறகு ஆரெண்டு, சாக முன்னம் காணிக் கந்தோரில போய்ச் சொல்லுவன். அதில உங்கள் ரெண்டு பேரின்ர யோசனையும் தேவையில்லை."

யோகநாதன் விலகினான்.

நாகமுத்து நிலத்தில் இருந்து அழுதாள். கூச்சல் இல்லாத அழுகை. மயில்வாகனத்தார் இவ்வளவு நாளும் அவளுடைய அழுகையில் பங்கு கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. என்றாலும் ஒரு கணம் நின்றார். சரசு செத்த அன்றும் இவள் இப்படித்தான், சத்தமில்லாமல் அழுதாள் என்பது நினைவுக்கு வந்தது. பிறகு நடந்தார்.

அப்புத்துரை அவருடைய வண்டிலில் ஏறமாட்டேன் என்றார். நெல் ஏற்றிப் போகிற லொறி ஒன்றில் போவதாகச் சொன்னார். "குழந்தைக்கு வெயில்" என்றாள் அவர் மனைவி. அதற்காக ஏறினார்கள். யோகநாதன் மாட்டைப் பிடித்தான். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் சின்னவள் மட்டும் கதைத்துக்கொண்டு வந்தாள். ரயிலில் அம்மா இருப்பாவோ என்று கேட்டாள். கமலாசனி அவளுடைய வாயைப் பொத்தினாள்.

ஸ்டேசனில் ரயில் வந்து நின்றது. பேத்திகள் இருவரும் ஏறினார்கள். மயில்வாகனத்தார் குழந்தையைச் சம்பந்தியின் மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு, கேட்காமலே, குழந்தையின் முகத்தை அவர் பார்க்கும்படி ஒருமுறை திருப்பிக் காட்டினாள். அவர் தலையை அசைத்தார்.

அப்புத்துரை கடைசியாக ஏறினார். படியில் நின்று திரும்பி, "வற்றாப்பளைக்கு ஏதோ நேந்தனான் எண்டியள்" என்றார்.

"ஓம். உங்கட வீட்டுக்காரருக்குச் சுகம் வரவேணுமெண்டு."

"எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே."

"அம்மாளிட்டச் சொன்ன சொல் சொல்தான். போய்ப் பொங்குவன்" என்றார் மயில்வாகனத்தார்.

ரயில் ஆனையிறவுப் பக்கம் திரும்பி மறைந்தது. யோகநாதன் வண்டிலைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தான். தகப்பன் ஏறுவார் என்று காத்திருந்தான். மயில்வாகனத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் இறங்கி நடந்தார். வெயில் தலையைப் பிளந்தது. அந்த வயதில் அந்தத் தூரம் நடக்கக் கூடியதல்ல.

வண்டில் மெதுவாகப் பின்னால் வந்தது. கொஞ்சத் தூரம் போனதும் யோகநாதன் கூப்பிட்டான்.

"ஐயா, ஏறுங்கோ. வண்டிலில இடம் கிடக்கு."

மயில்வாகனத்தார் ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு முன்னிலும் நிமிர்ந்து நடந்தார்.